பழத்தோல் எந்தச் சாயத்தைப் பிடிக்கும்?

ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, மீன் தொட்டிக்கு விற்கும் மெத்திலீன் ப்ளூவில் ஒரு சொட்டு விடுங்கள். தம்ளர் முழுக்க நீலம் பரவிவிடும். ஆரஞ்சுத் தோலைக் காயவைத்துப் பொடித்து, கழுவும் தண்ணீர் தெளியும்வரை பல முறை கழுவி, மறுபடி காயவைத்த தூளில் இரண்டு கரண்டி எடுத்து அதில் போட்டுக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் விட்டுவிட்டுக் கலக்கி, பிறகு தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தண்ணீரில் நீலம் பெரும்பாலும் போயிருக்கும். அடியில் கிடக்கும் தூள் நீலமாகியிருக்கும். மருந்தும் தேவைப்படவில்லை, மின்சாரமும் தேவைப்படவில்லை. குப்பைக்குப் போக வேண்டிய தோல், தண்ணீரில் கரைந்திருந்த சாயத்தைப் பிரித்துத் தன்மேல் ஏற்றிக்கொண்டது.

இதே சோதனையைச் சிவப்பு உணவு நிறமியை வைத்துச் செய்யுங்கள். தூளும் அதேதான், நேரமும் அதேதான். ஆனால் தண்ணீர் ஏறக்குறைய அப்படியே சிவப்பாக நிற்கும்.

வேளாண் கழிவையும் உணவுக் கழிவையும் கொண்டு சாயக்கழிவு நீரைச் சுத்தம் செய்யலாம் என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒருமுறை நெல் உமி, இன்னொருமுறை வாழைப்பழத் தோல், அப்புறம் காபிச் சக்கை, நிலக்கடலை ஓடு, தென்னை நார்க்கழிவு. 95 சதவீதம், 99 சதவீதம் சாயம் நீங்கியது என்று எழுதியிருப்பார்கள். அந்த எண்களில் பொய் இல்லை. ஆனால் அவற்றில் பல, முதல் தம்ளரில் நடந்ததைச் சொல்கின்றன. பருத்தித் துணிக்குச் சாயம் போடும் பட்டறையிலிருந்து வெளியேறும் நீரோ இரண்டாவது தம்ளருக்குத்தான் நெருக்கமானது. கழிவைக் கொண்டு சாயநீரைச் சுத்தம் செய்வது நடக்கக்கூடிய வழி என்றே நான் நம்புகிறேன். அதனாலேயே, எந்தக் கழிவு எந்தச் சாயத்தைப் பிடிக்கும், பிடித்த பிறகு அது எங்கே போகும் என்ற இரண்டு கேள்விகளையும் தள்ளிப்போட முடியாது என்றும் நினைக்கிறேன்.

கெடாமல் இருக்கவே செய்த பொருள்

1856-இல் லண்டனில், 18 வயது மாணவர் வில்லியம் ஹென்றி பெர்க்கின், வீட்டிலிருந்த சிறிய ஆய்வகத்தில் மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றார். குயினைன் கிடைக்கவில்லை. கிடைத்த கறுப்புக் கசடிலிருந்து ஊதா நிறம் ஒன்று பிரிந்து வந்தது. அது பட்டில் ஒட்டியது, துவைத்தாலும் எளிதில் போகவில்லை. செயற்கைச் சாயத் தொழில் அங்கிருந்துதான் கிளம்பியது. அடுத்த 20 ஆண்டுகளில், 1876-இல், ஜெர்மனியில் ஹைன்ரிச் காரோ நம் தம்ளரில் இருக்கும் மெத்திலீன் ப்ளூவை உருவாக்கினார்.

அன்றிலிருந்து சாய வேதியியலாளர்கள் தேடியதெல்லாம் ஒன்றுதான்: வெயிலில் மங்கக் கூடாது, சோப்பில் கரையக் கூடாது, வியர்வையில் நிறம் மாறக் கூடாது. அதில் அவர்கள் வென்றுவிட்டார்கள். துணியில் நமக்குப் பிடித்த அந்த உறுதியே தண்ணீரில் தொல்லையாகிறது. வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் நுண்ணுயிர்கள் சர்க்கரை, மாவு, கொழுப்பு போன்றவற்றைத் தின்று தீர்க்கும். பெரும்பாலான செயற்கைச் சாயங்கள் அவற்றின் வாய்க்கு எட்டாதவை. கசடோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் போகும், மீதி அப்படியே வெளியேறிவிடும்.

கண்ணுக்குத் தெரிவதற்கு அதிகம் தேவையும் இல்லை. பல சாயங்கள் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தாலே தண்ணீரில் நிறம் தெரியும். நிறம் வெயிலைத் தடுக்கும். வெயில் இறங்காத நீரில் பாசியும் நீர்த்தாவரமும் சுணங்கும், அவற்றை நம்பி வாழும் உயிர்களும் சுணங்கும். இன்றைய செயற்கைச் சாயங்களில் பாதிக்கு மேல் அசோ வகையைச் சேர்ந்தவை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கைகோத்து நிற்பதுதான் அவற்றின் அடையாளம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அந்தப் பிணைப்பு முறிந்தால் அரோமாட்டிக் அமீன்கள், அதாவது கார்பன் வளையத்தில் நைட்ரஜன் தொங்கும் சேர்மங்கள், பிறக்கும். அவற்றில் பென்சிடின் போன்ற சில, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று நிறுவப்பட்டவை. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் இப்படிப்பட்ட 22 அமீன்களைப் பட்டியலிட்டு, அவற்றை வெளிவிடக்கூடிய அசோ சாயங்களைத் துணியிலும் தோல் பொருட்களிலும் தடை செய்தது.

இன்னொரு ஆண்டையும் இங்கே சொல்ல வேண்டும்: 1956. பெர்க்கினுக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்ளும் வினைச்சாயங்கள் சந்தைக்கு வந்தன. பருத்தி என்பது ஏறக்குறைய முழுக்க செல்லுலோஸ். வினைச்சாயத்தின் ஒரு முனை அந்தச் செல்லுலோஸைப் பிடித்துக்கொள்ளும், எத்தனை துவைத்தாலும் விடாது. ஆனால் சாயத் தொட்டியில் செல்லுலோஸ் மட்டும் இல்லையே, தண்ணீரும் இருக்கிறது. காரம் சேர்ந்த சூட்டில் சாய மூலக்கூறுகளில் ஒரு பகுதி துணிக்குப் பதிலாகத் தண்ணீரோடு வினைபுரிந்துவிடும். அப்படி வினைபுரிந்த மூலக்கூறு தன் கையை இழந்த மாதிரி. அதனால் இனி எந்தத் துணியையும் பிடிக்க முடியாது. சாயத்தையும் முறையையும் பொறுத்து, போட்டதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மோசமான நிலையில் பாதி வரை இப்படி அலசும் நீரோடு போகும். திரும்ப எடுத்துப் பயன்படுத்தவும் முடியாது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கரியிலிருந்து உமிக்கு

கரைந்திருக்கும் பொருளை ஒரு திடப்பொருளின் மேற்பரப்பு தன்மேல் இழுத்து வைத்துக்கொள்வதைப் பரப்புக் கவர்தல் என்கிறோம். பஞ்சு தண்ணீரைக் குடிப்பது போல உள்ளே உறிஞ்சுவது வேறு. இங்கே சாயம் சுவரில் ஒட்டும் தூசி போல மேற்பரப்பில் ஒட்டுகிறது. 1881-இல் ஹைன்ரிச் கைசர் இதற்கான தனிச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நிகழ்வு அதற்கு முன்பே தெரிந்ததுதான். 1785-இல் டோபியாஸ் லோவிட்ஸ், பழுப்பேறிய டார்டாரிக் அமிலக் கரைசலில் மரக்கரியைப் போட்டதும் நிறம் போவதைக் கண்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் சர்க்கரை ஆலைகள் எலும்புக் கரியால் பாகை வெளுக்கத் தொடங்கிவிட்டன.

கரியைச் சூட்டில் நீராவியாலோ, மரத்தையும் கொட்டை ஓடுகளையும் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுட்டோ நுண்துளைகளைப் பெருக்கினால் கிளர்வூட்டிய கரி கிடைக்கும். ஒரு கிராம் நல்ல கரிக்குள் இருக்கும் துளைச் சுவர்களை விரித்துப் போட்டால் ஆயிரம் சதுர மீட்டர் வரும். ஏழு கிராம் இருந்தால் ஒரு கால்பந்து மைதானம். சாயம் ஒட்டுவதற்கு அவ்வளவு இடம். இன்றும் இந்த வேலைக்கு இதுதான் அளவுகோல்.

கழிவிலிருந்து கரி என்பதும் புதிய யோசனை இல்லை. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில், விஷவாயு முகமூடிக்குக் கரி போதாமல், அமெரிக்காவில் மக்களிடமிருந்து பீச் பழக் கொட்டைகளைச் சேகரித்தார்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரி இன்று உலகெங்கும் விற்கும் தொழில்பொருள். வேளாண் கழிவு வெல்லவே முடியாது என்று யாராவது சொன்னால் சிரட்டையைக் காட்டலாம்.

ஆனால் கரி செய்யச் சூடு வேண்டும், பல நூறு டிகிரி. நான்கு கிலோ கழிவைச் சுட்டால் ஒரு கிலோ மிஞ்சினால் அதிகம். ஒருமுறை நிறைந்த கரியைத் திரும்பப் பயன்படுத்த மறுபடி சுட வேண்டும், அப்போதும் கொஞ்சம் இழப்பு. இந்தச் செலவுதான் ஆய்வாளர்களை வேறு பக்கம் பார்க்க வைத்தது. 1976-இல் பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த இரண்டு கட்டுரைகள், கரியாக்காத பீட் மண்ணும் (சதுப்பில் பாதி மட்கிய தாவரப் பொருள்) மரத்தூளும் அமிலச் சாயம் ஒன்றைத் தண்ணீரிலிருந்து எவ்வளவு பிடிக்கின்றன என்று அளந்து காட்டின. சுடாமலேயே வேலை நடக்குமா என்ற அந்தக் கேள்விக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்துவிட்டன. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. சாறு பிழிந்த ஆரஞ்சில் பாதி எடை தோலும் சக்கையும். வாழைப்பழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோல். தேடல் இந்தப் பக்கம் திரும்பியதில் ஆச்சரியம் இல்லை.

தோலுக்குள் என்ன இருக்கிறது

சுடாத உமியையோ தோலையோ எடுத்துக்கொண்டால், அதன் பரப்பு கரியோடு ஒப்பிடவே முடியாதது. கிராமுக்குச் சில சதுர மீட்டர், பல நேரம் அதற்கும் குறைவு. அப்படியும் அது சாயத்தைப் பிடிக்கிறது என்றால் காரணம் பரப்பு மட்டும் இல்லை. பரப்பில் என்ன தொங்குகிறது என்பதுதான்.

தாவரச் சுவர் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின், பெக்டின் ஆகியவற்றின் கலவை. இவற்றில் பெக்டினைக் கவனியுங்கள். ஆரஞ்சுத் தோலிலும் வாழைப்பழத் தோலிலும் நிறைய இருப்பது அதுதான். பெக்டின் சங்கிலியில் வரிசையாகக் கார்பாக்சில் தொகுதிகள் இருக்கும். நீரின் பிஎச் அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 என்றால் நடுநிலை) நாலைந்துக்கு மேல் போனால் இவை தங்கள் ஹைட்ரஜனை விட்டுவிட்டு எதிர்மின் சுமையோடு நிற்கும். மெத்திலீன் ப்ளூ நேர்மின் சுமை கொண்டது. எதிரும் நேரும் சந்தித்ததும் பிடித்துக்கொள்கின்றன. முதல் தம்ளர் தெளிந்ததன் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான். இன்னும் ஒன்றும் சேரும்: சாய மூலக்கூறின் தட்டையான வளையங்கள் லிக்னினின் வளையங்களோடு தட்டின் மேல் தட்டு அடுக்கியது போல ஒட்டும்.

உமியில் கதை கொஞ்சம் வேறு. அதன் எடையில் ஆறில் ஒரு பங்கு, சில வகைகளில் ஐந்தில் ஒரு பங்கு சிலிக்கா. வெளிப்புறத்தில் அது கண்ணாடிப் பூச்சு போலப் படிந்திருப்பதால் பதப்படுத்தாத பச்சை உமி மெத்தனமாகத்தான் சாயம் பிடிக்கும். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்தால் அந்தப் பூச்சு கரைந்து, உள்ளே இருக்கும் தொகுதிகள் வெளியே வரும், பிடிப்பும் கூடும். ஆனால் கழுவிய காரநீரை என்ன செய்வது என்ற புதிய வேலையும் சேர்ந்து வரும். சிட்ரிக் அமிலத்தோடு சூடாக்கிக் கார்பாக்சில் தொகுதிகளைக் கூட்டுவது இன்னொரு வழி. எனக்கு இது சற்று நல்ல பழக்கமாகத் தெரிகிறது.

இப்போது இரண்டாவது தம்ளருக்கு வருவோம். உணவு நிறமிகளில் பெரும்பாலானவை சல்ஃபோனேட் தொகுதிகள் கொண்டவை, எதிர்மின் சுமை உள்ளவை. தோலும் எதிர்மின், சாயமும் எதிர்மின். ஒன்றையொன்று தள்ளுகின்றன. கம்பளி, விலங்குத் தோல், பட்டு இவற்றுக்கான அமிலச் சாயங்களும், பருத்திக்கான வினைச்சாயங்களும் இதே கட்சிதான்.

பருத்தியின் கதையை இங்கே திரும்ப எடுக்க வேண்டும். உமி, வைக்கோல், கரும்புச் சக்கை எல்லாம் செல்லுலோஸ் நிறைந்தவை, ஒருவகையில் பருத்திக்கு உறவுக்காரர்கள். சாயம் செல்லுலோஸில் ஒட்டத்தானே செய்யப்பட்டது, அப்படியானால் உமியிலும் ஒட்டும் என்று தோன்றும். ஆனால் அலசிய நீரில் வருவது எந்த மூலக்கூறு? செல்லுலோஸைப் பிடிக்கும் கையை ஏற்கனவே இழந்த மூலக்கூறு. பருத்தியிடம் ஒட்டாமல் கழன்று வந்ததை அதன் உறவுக்காரனிடம் ஒட்டச் சொல்கிறோம். கூடவே அந்த நீர் பிஎச் 10, 11 என்று காரமாக வேறு இருக்கும், தோலின் எதிர்மின் சுமை அங்கே இன்னும் அதிகம். பச்சைக் கழிவு இந்த நீரில் தடுமாறுவது இதனால்தான்.

ஆய்வுக்கூடங்கள் ஏன் இவ்வளவு மெத்திலீன் ப்ளூவைப் பயன்படுத்துகின்றன? அது மலிவு, நன்றாகக் கரையும், 665 நானோமீட்டர் அலைநீளம் அருகே ஒளியை வலுவாக உறிஞ்சுவதால் எளிய கருவியில் அளந்துவிடலாம். ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிட நல்ல அளவுகோல். அக்ரிலிக் இழைக்கும் காகிதத்துக்கும் போடும் நேர்மின் சாயங்களுக்கு அது நேர்மையான பிரதிநிதியும்கூட. ஆனால் அதில் கிடைத்த எண்ணை எல்லாச் சாயக்கழிவுக்கும் பொருத்துவது தவறு. பாலியெஸ்டருக்குப் போடும் பரவல் சாயங்கள் சுமையே இல்லாதவை, நீரில் சரியாகக் கரையவும் கரையாதவை. அவற்றுக்குப் படிகாரம் போன்ற திரட்டிகளே பெரும்பாலும் போதும்.

எதிர்மின் சாயத்துக்கு யார்?

வழி இல்லாமல் இல்லை. முதல் வழி, நீரை அமிலமாக்குவது. பிஎச் 2 அருகே கொண்டுபோனால் தோலின் கார்பாக்சில் தொகுதிகள் ஹைட்ரஜனைத் திரும்ப வாங்கிக்கொண்டு சுமையை இழக்கும், சில தொகுதிகள் நேர்மின் சுமையும் பெறும். எதிர்மின் சாயம் அப்போது ஒட்டத் தொடங்கும். ஆய்வுக் கட்டுரையில் "பிஎச் 2-இல் 98 சதவீதம்" என்று படித்தால் இதுதான் விஷயம். குடுவையில் இரண்டு சொட்டு அமிலம் போதும். கார நீர் நிறைந்த தொட்டிக்கு எவ்வளவு அமிலம் வேண்டும், சுத்தமான பிறகு அதை நடுநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு காரம் வேண்டும், அதனால் எவ்வளவு உப்பு கூடும் என்று கணக்குப் பார்த்தால், மலிவு என்ற சொல் மெல்லக் கரைந்துபோகும்.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது: இறால், நண்டு ஓடு. அவற்றில் இருக்கும் கைட்டினைச் சூடான காரத்தில் வேகவைத்தால் கைட்டோசான் ஆகும். அதில் அமீன் தொகுதிகள் வரிசையாக நிற்கும், பிஎச் ஆறுக்குக் கீழே அவை நேர்மின் சுமை பெறும். கம்பளி நூலை வினிகர் கலந்த உணவு நிறமியில் கொதிக்க வைத்தால் நிறம் இறுகப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பளியின் அமீன்கள் செய்வதும் இதே வேலைதான். எதிர்மின் சாயங்களுக்குக் கைட்டோசான் மிக வலுவான பிடிப்புக் கொண்டது. குறை என்னவென்றால் அதிக அமிலத்தில் அதுவே கரைந்துவிடும், அதனால் சங்கிலிகளைக் குறுக்குப் பிணைப்புப் போட்டுக் கட்டி, மணிகளாக உருட்ட வேண்டும். தயாரிப்பில் காரமும் அமிலமும் நிறையச் செலவாகும்.

மூன்றாவது வழி, வைக்கோல், கரும்புச் சக்கை போன்றவற்றின் செல்லுலோஸில் நிரந்தர நேர்மின் சுமை கொண்ட அம்மோனியத் தொகுதிகளை வேதியியல் முறையில் பொருத்துவது. இப்படி மாற்றிய சக்கை கார நீரிலும் வினைச்சாயத்தை நன்றாகப் பிடிக்கும். குப்பையாக இருந்தது இப்போது ஒரு வேதிப்பொருளாகிவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. அதற்கான செலவும் கவனமும் வேண்டும்.

கடைசியில் கரி. வேளாண் கழிவைக் கரியாக்கினால் சுமையின் பிடிவாதம் பெருமளவு தளரும், பல வகைச் சாயமும் ஒட்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிரட்டைக் கரியின் துளைகள் பெரும்பாலும் இரண்டு நானோமீட்டருக்கும் சிறியவை. வாயுவுக்கும் சிறு மூலக்கூறுகளுக்கும் அருமை. பெரிய வினைச்சாய மூலக்கூறு அந்த வாசலில் நுழையவே சிரமப்படும். சாயத்துக்குக் கொஞ்சம் அகன்ற துளை வேண்டும். மரத்தூள் போன்றவற்றைப் பாஸ்பாரிக் அமிலத்தில் சுட்டால் அப்படிப்பட்ட துளைகள் கிடைக்கின்றன. பரப்பு அதிகம் என்பதை மட்டும் பார்த்துக் கரி வாங்கினால் ஏமாறுவோம்.

உப்பையும் விட்டுவிடக் கூடாது. பருத்தியில் வினைச்சாயம் ஏற, தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு போடுவார்கள். அந்த உப்பின் அயனிகள் பரப்பின் சுமையை மூடிமறைக்கும். மெத்திலீன் ப்ளூ போன்ற சாயத்துக்கு இது இடைஞ்சல். எதிர்மின் சாயத்துக்கோ தள்ளுவிசை குறைவதால் சில நேரம் உதவி. ஆனால் உமியும் கரியும் அந்த உப்பைத் தொடவே தொடாது. நிறம் போன நீர் கண்ணாடி போல இருக்கலாம், வாயில் வைத்தால் கரிக்கும். பயிருக்கும் ஆகாது. உப்பை எடுக்க சவ்வும் ஆவியாக்கலும் தனியாக வேண்டும்.

சதவீதத்தை நம்பலாமா?

99 சதவீதம் என்பது தனியாக ஒன்றும் சொல்லாத எண். 50 மில்லிகிராம் சாயம் உள்ள ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் தூளைக் கொட்டினால் 99 சதவீதம் போகலாம். ஒரு கிராம் தூள் பிடித்தது வெறும் 5 மில்லிகிராம்தான். அதனால் ஒரு கிராம் எத்தனை மில்லிகிராம் பிடிக்கிறது என்று கேட்பதுதான் சரி. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

கட்டுரைகளில் வரும் "அதிகபட்ச கொள்ளளவு" பெரும்பாலும் இர்விங் லாங்மியூர் 1918-இல் எழுதிய சமன்பாட்டிலிருந்து எடுக்கப்படுவது. பரப்பியல் ஆய்வுக்காக 1932-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். பரப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மூலக்கூறு என்று வைத்துக்கொண்டால், எல்லா இருக்கையும் நிறையும்போது எவ்வளவு என்பதே அந்தக் கொள்ளளவு. ஆனால் எல்லா இருக்கையும் நிறைய வேண்டுமானால், சுற்றியுள்ள நீரில் சாயம் ஏராளமாக இருக்க வேண்டும். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு, சாயம் இல்லாத நீர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தூளின் அதிகபட்ச கொள்ளளவு கிராமுக்கு 100 மில்லிகிராம் என்றும், லாங்மியூர் மாறிலி (பரப்பு சாயத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று காட்டும் எண்) மில்லிகிராமுக்கு 0.05 லிட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் உள்ள ஆயிரம் லிட்டர் நீரை 2 மில்லிகிராமுக்குக் கொண்டுவர வேண்டும், அதாவது 98 கிராம் சாயம் நீங்க வேண்டும். தொட்டியில் தூளைக் கொட்டிக் கலக்கினால், கடைசியில் தூளைச் சுற்றி இருப்பது லிட்டருக்கு 2 மில்லிகிராம் சாயம் உள்ள நீர்தான். அந்த நிலையில் ஒரு கிராம் தூள் பிடித்திருப்பது சுமார் 9 மில்லிகிராம். 100 என்று படித்த இடத்தில் 9. ஆக, கிட்டத்தட்ட 11 கிலோ தூள் வேண்டும்.

அதே தூளை உயரமான குழாயில் அடைத்து, நீரை ஒரு பக்கத்திலிருந்து விட்டால் கணக்கு மாறும். நுழைவாயிலில் இருக்கும் தூள் எப்போதும் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் உள்ள நீரைச் சந்திக்கிறது, அங்கே கிராமுக்கு 83 மில்லிகிராம் வரை ஏறும். வெளியேறும் முனையில் இருக்கும் புதிய தூள் மிச்சத்தைத் துடைத்தெடுக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒன்றேகால் கிலோவே போதும் என்ற நிலை. அதே பொருள்தான், வைத்த விதம்தான் வேறு. குடுவைச் சோதனைகள் பெருகிக் கிடக்கும் இந்தத் துறையில் குழாய்ச் சோதனைகள் இன்னும் நிறைய வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதனால்தான்.

ஆனால் குழாயில் பழத்தோல் தூள் நல்லபடியாக நடந்துகொள்ளாது. ஈரத்தில் வீங்கும், குழையும், அமுங்கும். நீர் போக வழி அடைபடும். சில நாட்களில் அழுகத் தொடங்கும். உமி இதில் மேல், குழையாது. சிரட்டைத் துண்டும் கொட்டை ஓடும் இன்னும் மேல். பிடிப்பில் முன்னால் நிற்கும் பொருள், குழாயில் பின்தங்கலாம்.

பச்சைக் கழிவு தன் பங்குக்குத் தண்ணீரில் சிலவற்றைக் கரைத்தும் விடும். தேயிலைச் சக்கையை நீரில் போட்டுப் பாருங்கள், சாயம் போய்ப் பழுப்பு வந்து நிற்கும். டானின், சர்க்கரை, கரையும் பெக்டின் எல்லாம் நீரின் வேதி ஆக்சிஜன் தேவையை, அதாவது அதில் கரைந்த கரிமக் கழிவைக் காட்டும் அளவை, கூட்டும். நிறத்தை மட்டும் அளந்தால் இது தெரியாது. முதல் சோதனையில் தூளைப் பல முறை கழுவச் சொன்னதும் இதற்காகத்தான். பழைய ஆய்வுகள் சிலவற்றில் மரத்தூளின் நிறம் கசியாமல் இருக்க ஃபார்மால்டிஹைடில் ஊறவைத்திருக்கிறார்கள். ஒரு நஞ்சை எடுக்க இன்னொரு புற்றுநோய்க் காரணியைப் பயன்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

கழிவு என்ற சொல்லையும் ஒருமுறை தட்டிப்பார்க்க வேண்டும். கரும்புச் சக்கை ஆலையின் கொதிகலனுக்கே எரிபொருள். வைக்கோல் மாட்டுத் தீவனம். பழத்தோலின் பெக்டினை உணவுத் தொழில் விலை கொடுத்து வாங்குகிறது. இவற்றை எடுத்துச் சாயத் தொட்டிக்குக் கொண்டுபோனால், அங்கே வேறு எதையாவது எரிக்க வேண்டியிருக்கும். தவிர, ஈரத் தோலில் பெரும்பகுதி தண்ணீர், அதை லாரியில் தூரம் கொண்டுபோய்ச் சூடாக்கிக் காயவைத்தால் செலவெல்லாம் அங்கேயே போய்விடும். கழிவு கிடைக்கும் இடமும் சாயநீர் வரும் இடமும் பக்கத்தில் இருந்தால்தான் கணக்கு உதைக்காது.

தம்ளரின் அடியில் கிடக்கும் நீலத் தூள்

பரப்புக் கவர்தல் சாயத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஆயிரம் லிட்டரில் விரவியிருந்தது சில கிலோ தூளில் குவிந்துவிட்டது. இது சின்ன விஷயம் இல்லை. குவிந்த ஒன்றைக் கையாளுவது எளிது. ஆனால் கையாள வேண்டும். அந்த ஈரத் தூளை ஒரு பள்ளத்தில் கொட்டி மூடினால், ஆக்சிஜன் இல்லாத அடுக்கில் அசோ பிணைப்பு முறிந்து, நாம் பயந்த அமீன்களே கீழிறங்கும். உரக்குழியில் போடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுங்கள்.

திரும்பப் பயன்படுத்துவது முதல் தெரிவு. கார்பாக்சில் தொகுதியில் ஒட்டிய மெத்திலீன் ப்ளூவை நீர்த்த அமிலம் விடுவிக்கும், அமீனில் ஒட்டிய எதிர்மின் சாயத்தைக் காரம் விடுவிக்கும். நாலைந்து சுற்று ஓடலாம், ஒவ்வொரு சுற்றிலும் பிடிப்பு குறையும். விடுவித்த அடர்சாயக் கரைசல் கையில் மிச்சம் இருக்கும், அதற்கும் வழி தேட வேண்டும்.

எரிக்கலாம். உமிக்கும் ஓட்டுக்கும் நல்ல எரிதிறன் உண்டு. ஆனால் சாயத்தில் கந்தகமும், சிலவற்றில் குளோரினும், உலோகச் சாயங்களில் செம்பும் குரோமியமும் இருக்கும். திறந்த அடுப்பில் எரித்தால் தண்ணீரில் இருந்தது காற்றுக்கும் சாம்பலுக்கும் போகும். உயர் வெப்பமும் புகை வடிகட்டலும் உள்ள உலையில் மட்டுமே இது சரி.

என்னை அதிகம் ஈர்ப்பது மூன்றாவது வழி. மரத்தை வெள்ளையாக மட்கவைக்கும் வெண்பூஞ்சைகள் லிக்னினை உடைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. லிக்னின் ஒழுங்கற்ற, பிடிவாதமான மூலக்கூறு என்பதால் அந்த நொதிகளும் ஆள் பார்த்து வேலை செய்வதில்லை, சாய வளையங்களையும் சேர்த்தே உடைக்கும். ஃபனெரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சை சாயங்களின் நிறத்தைப் போக்குவது 1983-இலேயே காட்டப்பட்டது. வைக்கோலில் சாயத்தைப் பிடித்து, அதே ஈர வைக்கோலில் பூஞ்சையை வளர்த்தால், வைக்கோலே அதற்கு இடமும் உணவும் ஆகிறது. கோதுமை வைக்கோலிலும் சாறு பிழிந்த ஆப்பிள் சக்கையிலும் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆக்சிஜனேற்ற முறையில் உடைப்பதால், காற்றில்லாச் சேற்றில் நடப்பதுபோல அமீன்கள் சேர்வது இங்கே குறைவு. வேகம்தான் பிரச்சினை. நாட்கள், சில நேரம் வாரங்கள் பிடிக்கும். ஈரமும் வெப்பமும் சரியாக இருக்க வேண்டும். எல்லாச் சாயமும் ஒரே அளவில் உடையாது. நிறம் வெளுத்த பிறகும் அந்த வைக்கோலை அலசி, வரும் நீரில் அமீன் இருக்கிறதா, உயிரினங்களுக்கு நச்சு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இரண்டிலும் தேறும்வரை அது மண்ணுக்குப் போகக் கூடாது.